மூட்டை முயலும் இரட்டை விசிலும்

இருதயமேரி யாரையும் லேசில் வெறுத்துவிடுகிற ஆளில்லை. மாமியாரைக்கூட மன்னித்துவிட்டாள். ஆனால் மூட்டை முயல் என்ற வீடியோ விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் போட்டவர்களை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை. "நல்லா ஓடிக்கினு இருந்த முயலு கையில துப்பாக்கியக் குடுத்துட்டானுங்க. முயலுக்கு இன்னாத்துக்குத் துப்பாக்கி?" என்பாள். திண்டிவனத்தில் அவளுக்குத் தெரிந்த யாரிடமும் இதற்குப் பதில் இல்லை. அப்படியொரு விளையாட்டு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

முதல் பாகம் அவள் விழுப்புரத்து ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தபோது வாங்கியது. கிறிஸ்துமஸ் போனஸில் மற்ற பெண்கள் கொலுசு வாங்கினார்கள். இவள் டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டியும் ஒரு மஞ்சள் கேசட்டும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். முதுகில் மூட்டையோடு ஒரு முயல் ஓடும். பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கேசட்டின் மேல் சீன எழுத்தில் என்ன எழுதியிருந்ததோ, அவள் வைத்த பெயர் மூட்டை முயல்.

அந்த பஸ்ஸின் கண்டக்டர் தென்னரசு. "இன்னாம்மா அது, குக்கரா?" என்று கேட்டதுதான் அவர் பேசிய முதல் காதல் வசனம். அதற்குப் பிறகு காலையில் கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் அவள் தூரத்தில் ஓடி வருவது தெரிந்தால், கிளம்பச் சொல்லி இரட்டை விசில் ஊதாமல், சில்லறை தேடுகிறவர் போலத் தோள்பையைத் துழாவிக்கொண்டு நிற்பார். டிரைவர் திட்டுவார். இவருக்குக் காது கேட்காது. அவள் படியில் கால் வைத்த பிறகுதான் விசில் வாய்க்குப் போகும். கல்யாணமாகி அவள் திண்டிவனத்துக்கு வந்தபோது கேம் பெட்டியும் பீரோவோடு சேர்ந்து வந்தது.

கண் போனது சர்க்கரையால். முதலில் பஸ்ஸின் போர்டு மங்கியது, பிறகு முகங்கள், பிறகு எல்லாம். அவள் ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. ஒரு விடுமுறை நாளில் மகள் அஸ்வினி கேசட்டைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து மேரி, "இப்ப தாண்டுடி" என்றாள். பள்ளத்துக்கு முன்னால் ஒரு பலகை இருக்கும். அதில் முயலின் கால் பட்டால் 'டொக்' என்று சத்தம் மாறும். அவளுக்கு அது போதும். ஜாய்ஸ்டிக்கை வாங்கி, அதுவரை மகள் எட்டிப் பார்க்காத கட்டங்களுக்கெல்லாம் முயலைக் கூட்டிப்போனாள். வீட்டுக்குள் சுவரைத் தடவித் தடவி நடக்கிறவள், அந்த விளையாட்டுக்குள் கைவீசி ஓடினாள்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் இடி விழுந்து பெட்டி கருகிப்போனது. ரிப்பேர்க்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிக் கொடுத்துவிட்டார். "போனா போவுது வுடுங்க" என்றாள் மேரி. சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவள்தான். கோயிலுக்குப் போவதில்லை, பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி வம்பு பேச வந்தாலும் வாய் திறப்பதில்லை. கொடுத்தால் சாப்பிட்டாள். இரண்டாவது முறை கண் போனது போல இருந்தது அவளுக்கு. முதல் முறை அழாமல் இருந்துவிட்டாள். இந்த முறை அழக்கூடத் தோன்றவில்லை. இவள் இப்படியே இருந்துவிடுவாளோ என்று தென்னரசு பயந்துபோனார். டிக்கெட் கிழிக்கும்போதுகூட அதே நினைப்பு.

அப்போதுதான் அஸ்வினி அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். மூட்டை முயலை முதலில் செய்த கம்பெனியே புதிதாகச் செய்து வெளியிட்டிருக்கிறதாம். "ரெண்டாம் பாகம் மாதிரி இல்லம்மா. பழைய கேமேதான். அதே பள்ளம், அதே கட்டம். படமும் சத்தமும் மட்டும்தான் புதுசு. பழசுதான் ஒசத்தின்னு நெட்டுல பாதிப் பேரு சண்ட போட்டுக்கினு இருக்கானுங்க."

"துப்பாக்கி இருக்குதா?" என்று கேட்டாள் மேரி. பல நாட்களுக்குப் பிறகு அவள் தானாகக் கேட்ட கேள்வி அது.

"இல்லம்மா."

ஞாயிற்றுக்கிழமை மகளின் லேப்டாப் முன்னால் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். கைக்கு ஜாய்ஸ்டிக் வந்தது. விளையாட்டு தொடங்கியதும் அறை முழுக்க வயலின் நிறைந்தது. காற்றடித்தது, குருவிகள் கத்தின, முயலுக்கு மூச்சு வாங்கியது. இத்தனைக்கும் நடுவில் அவள் பலகையைத் தேடினாள். 'டொக்' இல்லை. முயல் முதல் பள்ளத்திலேயே விழுந்தது. மறுபடி ஓடவிட்டாள், மறுபடி அதே பள்ளம். அஸ்வினி பழைய சத்தத்தை வைக்க வழி இருக்கிறதா என்று எங்கெங்கோ தேடிப் பார்த்தாள். இல்லை.

மேரி ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தாள். "நல்லாதான் பண்ணிருக்கான் போல. கண்ணு இருக்கறவங்களுக்கு."

தென்னரசு லேப்டாப் பக்கமாகக் குனிந்தார். "எடு. நான் சொல்றேன்."

முயல் ஓடியது. "டொக்" என்றார் தென்னரசு வாயால். அவர் சொல்லி முடிப்பதற்குள் முயல் பள்ளத்தின் அடியில் கிடந்தது.

"வுழுந்தப்புறம் டொக்குன்னா ஆச்சா?" மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "வுட்டுடுங்க. ஒங்களுக்கு வராது."

அவர் விடவில்லை. ஆணியில் மாட்டியிருந்த காக்கிச் சட்டையின் பையில் கைவிடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அடுத்த முறை பள்ளத்தின் விளிம்பில் ஒரு விசில். அவள் விரல் தானாக நின்றது, முயலும் நின்றது. இரண்டு விசில். விரல் தானாக அழுத்தியது. முயல் அந்தக் கரையில் போய் இறங்கியது.

அதற்குப் பிறகு வீடு பஸ் ஸ்டாண்டு ஆகிவிட்டது. பாஞ்சாலி வாசலில் வந்து நின்று, "நம்ம தெருவுக்கு பஸ் வுட்டுட்டானுங்களா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. முயல் காட்டைத் தாண்டி ஆற்றங்கரைக்கு வந்திருந்தது. அங்கே ஒற்றை விசில் ஊதி நிறுத்தியவர் இரட்டை விசிலை மறந்துவிட்டார்.

"இன்னாங்க ஆச்சு? ஊதுங்க."

"இரு மேரி. அந்த மூட்டையப் பாத்துக்கினு இருக்கேன்."

"அதுல இன்னா இருக்குது?"

கண் இருந்த காலத்திலும் அவளுக்கு அது தெரியாது. பழைய கேசட்டில் அந்த மூட்டை நாலைந்து பழுப்புச் சதுரங்கள்தான். கேரட்டாக இருக்கும் என்று அவளாக நினைத்திருந்தாள்.

"குட்டி முயலு மேரி. முயலு நின்னா தலைய வெளிய நீட்டிப் பாக்குது. ஒரு காது மட்டும் மடங்கிக்கினு இருக்குது."

மேரி கண்களைத் துடைத்துக்கொண்டாள். "இத்தினி வருஷம் நான் வுழுந்தப்பல்லாம் அதுவும் கூடவே வுழுந்திருக்குது பாருங்க."

"அதுக்கு ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் இருக்குது."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சரி, பொறுமையா ஊதுங்க. கொழந்த இருக்குது."

தென்னரசு விசிலை வாயில் வைத்துக்கொண்டு, அவள் சரியாக உட்காரும்வரை காத்திருந்தார்.