ஒரு தட்டு முந்தி

நினிங் சுஹாயேத்தி தேயிலை பறித்தவளின் மகள். இந்தோனேசியாவின் காருத் மலைத் தோட்டத்துக் குடியிருப்பில் கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தாள். தோட்டத்துத் தொடக்கப்பள்ளியில் கிடைத்ததோ தற்காலிக வேலை. அடுத்த வருஷம் நிரந்தரம் என்பார்கள். அடுத்த வருஷமும் அதையேதான் சொல்வார்கள்.

இந்த முறை தலைமையாசிரியர் ஒரு வழி சொன்னார். பாண்டுங் நகரத்துப் பெரிய பள்ளி ஒன்று, வீடியோ அழைப்பில் மலைப் பிள்ளைகளையும் சேர்த்து அங்க்லுங் வகுப்பு நடத்தப்போகிறது. “நல்லா வந்துச்சுன்னா, உன் பேரை நான் மேல அனுப்புறேன்.”

அங்க்லுங், சட்டத்தில் தொங்கும் மூங்கில் குழாய்களை ஆட்டி ஒலிக்கும் வாத்தியம். ஒரு பிள்ளை கையில் ஒரே ஒரு சுரம். ஆசிரியர் கைச்சாடையால் எந்தச் சுரத்தைக் காட்டுகிறாரோ, அதை வைத்திருப்பவர் மட்டும் ஆட்ட வேண்டும். யாராவது ஆட்டாவிட்டால் பாட்டில் அந்த இடம் ஓட்டை.

மலையில் இணையம் இழுத்து இழுத்துத்தான் வரும். நகரத்து ஆசிரியர் பாக் ருஸ்தாண்டியின் கை திரையில் தெரிந்து, இவர்கள் ஆட்டி, அந்தச் சத்தம் அங்கே போய்ச் சேர்வதற்குள் பாட்டு அடுத்த சுரத்துக்குப் போயிருக்கும்.

“ஆமைங்க வந்தாச்சுடா,” என்று திரைக்குள்ளிருந்து ஒரு பையன் சொல்ல, நகரத்து வகுப்பே சிரித்தது. பாக் ருஸ்தாண்டியும் சிரிப்பை அடக்கவில்லை.

“இபு நினிங், உங்க பிள்ளைங்க சாப்பிட்டுட்டு வந்தாங்களா, தூங்கிட்டு வந்தாங்களா?”

“லைன் பிந்துது பாக்.” அங்கே ஆசிரியரை ‘பாக்’ என்றும் ஆசிரியையை ‘இபு’ என்றும்தான் அழைப்பார்கள்.

“பிந்தினா நாங்க என்ன பண்றது? உங்க சத்தத்தை நிறுத்தி வைக்கிறேன். பாத்துக் கத்துக்கட்டும்.”

அன்று அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. தன் சுரத்துக்கான சாடை வரும்வரை யாரும் காத்திருக்கக் கூடாது. முந்தைய சுரத்தின் சாடை தெரிந்ததுமே ஆட்டிவிட வேண்டும். ஒரு தட்டு முந்தி.

சொல்வது எளிது. எந்தின் என்ற பெண்ணுக்கு மட்டும் கை எழவே இல்லை. நல்ல காது அவளுக்கு. தன் சுரம் எங்கே விழவேண்டும் என்று அவள் உடம்புக்கே தெரியும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் காத்திருந்தாள். நினிங் மூங்கில் குச்சியால் அவள் விரல் முட்டியில் அடித்தாள்.

“ஒருத்தியால எல்லாரும் ஆமை ஆகணுமா? ஆட்டுடி.”

விரல் வீங்கியது. கடைசியில் எந்தினின் கையும் முந்தப் பழகியது. நிறுத்தி வைத்த சத்தத்தை மறுபடி திறந்துவிட்டபோது, பாண்டுங்கில் அது கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. “இப்பத்தான் முழிச்சிருக்காங்க,” என்றார் பாக் ருஸ்தாண்டி. கல்வி அதிகாரி வரும் விழாவில் இரண்டு பள்ளியும் ஒரே மேடையில் வாசிக்க ஏற்பாடானது.

பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்து லாரி பாண்டுங் போய்ச் சேர்ந்தது. காலை ஒத்திகையில் முதன்முறையாக நகரத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நடுவில் திரையும் இல்லை, தாமதமும் இல்லை. பாக் ருஸ்தாண்டி கையைத் தூக்கினார். மலைப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு தட்டு முந்தி ஆட்டினார்கள்.

நகரத்துப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “ஆமைக்கு இன்னைக்கு றெக்கை முளைச்சிருச்சு.”

நினிங் எந்தினின் முன்னால் குனிந்தாள். “உன் சாடை வர்ற வரைக்கும் காத்திரு. அவ்வளவுதான்.”

“காத்திருந்தா அடிப்பீங்களே இபு.”

“இன்னைக்கு அடிக்க மாட்டேன்.”

எந்தின் தலையாட்டினாள். ஆனால் கை முந்திக்கொண்டது. மறுபடி வாசித்தார்கள், மறுபடியும் முந்தியது. சுரத்தைவிட அடியை நன்றாகக் கற்றிருந்தன அந்தக் கைகள்.

பாக் ருஸ்தாண்டி ஒரு பொட்டலம் ரப்பர் பேண்டை நீட்டினார். “குழாயைச் சட்டத்தோட சேத்துக் கட்டிடுங்க. ஆட்டட்டும், சிரிக்கட்டும், சத்தம் மட்டும் வேணாம். இல்லன்னா கீழ உக்காந்து பாக்கட்டும். அதிகாரி கேட்டா நீங்களே காரணம் சொல்லிக்குங்க.”

அதிகாரியின் கார் வாசலில் வந்து நின்றது. நினிங் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள்.

“ஆட்டினா சத்தம் வராதா இபு?” என்று கேட்டாள் எந்தின்.

“வராது. நல்லாச் சிரிச்சுக்கிட்டு ஆட்டு.”

விழா சிறப்பாக நடந்தது. மலைப் பிள்ளைகளின் முன்னேற்றம் வியப்பளிப்பதாக அதிகாரி பேசினார். நினிங்கின் பெயரை இரண்டு முறை சொன்னார். கைதட்டல் ஓய்ந்ததும் எந்தினின் அம்மா, இரவல் வாங்கிய பட்டுச் சால்வை சரியச் சரிய மேடைப் பக்கம் ஓடி வந்தாள்.

“இபு குரு, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். அத்தனை சத்தத்துலயும் எம்பொண்ணு சத்தம் தனியாத் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

எந்தின் நிமிர்ந்து ஆசிரியையைப் பார்த்தாள்.

“தெரிஞ்சுது,” என்றாள் நினிங். “மணி மாதிரி.”

“கேட்டியா கண்ணு, இபுவே சொல்லிட்டாங்க,” என்று மகளைக் கட்டிக்கொண்டாள் அம்மா. “வீட்டுக்குப் போனதும் அப்பாவுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு.”

எந்தின் சரி என்றாள்.