போன விலை எழுதிய பாப்பா

என் நாத்தனாரை நாங்கள் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பத்தைந்து வயது, நெற்றி ஓரத்தில் நரை, மூக்குக் கண்ணாடி. ஆனாலும் பாப்பாதான். என் வீட்டுக்காரர் வைத்த பெயர். தாயும் தகப்பனும் போன பிறகு தங்கையை வளர்த்தது அவர்தான். அவள் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போய்வந்தாள்.

பழைய பொருள் சேர்க்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு சந்தை இருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிற தகர ரயில், தகரக் கார், பழைய பேனா, கைக்கடிகாரம் எல்லாம் அதில் வரும். விற்கிறவர் படம் போட்டு ஒரு விலை சொல்வார். வாங்குகிறவர் வேறொரு விலைக்குக் கேட்பார். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு விலைக்குப் போகும். அந்தப் போன விலையைப் பட்டியலில் ஏற்றுவதுதான் பாப்பாவின் வேலை. சும்மா எண்ணை மட்டும் எழுதினால் போதாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பெட்டி இருந்ததா, சாவி இருந்ததா, துரு எங்கே, புதிதாகப் பெயிண்ட் பூசி ஏமாற்றியிருக்கிறார்களா, எல்லாம் எழுத வேண்டும். பணம் கைமாறாமல் விற்பனை முறிந்தால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். ஊர் ஊராக இருக்கிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்குவார்கள், விற்பார்கள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் மாத்திரை கொடுக்க அந்த அலுவலகத்துக்குப் போனேன். துணிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி. ஜன்னல் இல்லாத அறை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரைக்குள் தலையை விட்டுவிடுவாள் போல உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு நாள் லீவு போட்டா சந்தை மூடிடுமா?" என்று கேட்டேன்.

"நான் எழுதலைன்னா பக்கத்து சீட்டுக்காரி கேட்ட விலையைப் போன விலைன்னு போட்டு வச்சிருவா அண்ணி. கேக்கிறவன் வாய்க்கு வந்ததைக் கேப்பான். கடைசியில எதுக்குப் போச்சுங்கிறதுதான் விலை."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் பொய் எழுதாதவளை ஆண்டவன் கைவிட மாட்டார் என்கிற அளவுக்கு எனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் லிஃப்ட்டுக்கு மேலே நின்று வேலை பார்க்கும்போது வழுக்கி விழுந்தார். உயிர் தப்பியது, வலது தோள்பட்டை போய்விட்டது. கையை உயர்த்த முடியாதவர் எங்களுக்கு எதற்கு என்று கம்பெனியில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. அங்கே சாவி வெட்டித் தருகிற கடை போடலாம் என்று நினைத்தார். உட்கார்ந்து செய்கிற வேலை, தோளை உயர்த்த வேண்டாம். கடைக்குச் சொந்தக்காரர் முன்பணம் இருபதாயிரம் கேட்டார். மாதக் கடைசிக்குள் தராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

எங்களிடம் இருந்தது அலமாரி நிறையத் தகர ரயில்கள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவர் சேர்த்தவை. அவற்றைப் பாப்பா வேலை செய்யும் அதே சந்தையில் ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தார். தன் பெயரில் இல்லை, தெருமுனையில் அவருக்கு முடிவெட்டுகிறவர் பெயரில்.

"பாப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா சேத்து வச்சிருக்கிறதைத் தூக்கிட்டு வந்து நிப்பா. தங்கச்சி காசுல கடை போட்டான்னு எனக்கு வேணாம்" என்றார்.

முடிவெட்டுகிறவருக்கோ இது பெரிய வேடிக்கை. "அண்ணாச்சி, என் பேருல ரயிலா விக்கிறீங்க. நாளைக்குப் போலீஸ் வந்து தண்டவாளம் எங்கடான்னு கேட்டா நான் என்னத்தக் காட்டுறது?" என்பார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல நாள் ஆகியிருந்ததால் எனக்கு அவர் வருவதே ஆறுதலாக இருந்தது.

படம் எடுக்கும்போது ரயிலை நான் பிடித்துக்கொள்வேன், அவர் எடுப்பார். எனக்கு வலது கட்டைவிரல் நகம் கதவில் நசுங்கி இரண்டாகப் பிளந்து வளர்ந்தது. படத்தின் ஓரத்தில் அந்த நகம் விழுந்திருக்கிறது. பாப்பா அதைப் பார்த்துவிட்டாள்.

இதெல்லாம் அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நகத்தைப் பார்த்ததும் அந்த முடிவெட்டுகிறவர் பெயரில் போனதை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறாள். முதலில் சாவியில்லாதவை, பிறகு பெட்டியில்லாதவை, பிறகு நல்லவை. அவசரத்தில் இருக்கிறவர்கள் அப்படித்தான் விற்பார்களாம். கடைசியாக வந்தது அண்ணன் உயிராக வைத்திருந்த பச்சை எஞ்சின், பெட்டியோடு. வழக்கமாக நாலாயிரத்துக்குப் போகிற பொருள். அவசரம் என்று மோப்பம் பிடித்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் இரண்டரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடை முன்பணத்தைப் பற்றி நான் எப்போதோ உளறியிருந்தேன். இதுவரை விற்றது எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் வருகிறது என்று கூட்டிப் பார்த்திருக்கிறாள். ஒன்பது குறைகிறது.

அங்கே வேலை செய்கிறவர்கள் அந்தச் சந்தையில் எதையும் வாங்கக் கூடாது. பாப்பா தனக்கு ரவிக்கை தைக்கிற தையற்காரம்மாவின் பெயரில் ஒன்பதாயிரத்துக்கு அந்த எஞ்சினைக் கேட்டாள். கொடுத்தாயிற்று, வாங்கியாயிற்று. மறுநாள் அந்த விற்பனை அவள் மேசைக்கே வந்தது. ஒன்பதாயிரம், பெட்டி உண்டு, சாவி உண்டு என்று அவளே எழுதினாள்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து அழுதேன். முன்பணம் முழுதாகச் சேர்ந்துவிட்டதே.

ஆனால் அவர் மறுநாளே கடைக்குச் சொந்தக்காரரிடம் போகவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இங்க பாரு. ஒன்பதாயிரம்னு பட்டியல்ல ஏறிடுச்சு. பச்சை எஞ்சின் விலை ஏறுது. ஒரு பழைய சாமான் கடைக்காரன் இதே எஞ்சின் நாலு வச்சிருக்கான், ஒண்ணு ஐயாயிரம்கிறான். பட்டியலையே பாக்காதவன் போல."

"முதல்ல முன்பணத்தைக் கட்டிடுங்களேன்."

"கட்டினா வெறும் கடைதான். சாவி வெட்டுற மெஷினுக்கு எங்க போறது? மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு. நாலையும் வித்தா கடையும் ஆச்சு, மெஷினும் ஆச்சு."

"விலை பொய்யா இருந்தா?"

"வேற எவனாவது எழுதியிருந்தா யோசிப்பேன். எழுதினது பாப்பாடி."

இருபதாயிரமும் போயிற்று, நாலு பச்சை எஞ்சின்கள் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா வந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கட்டிலின் மேல் நாலையும் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்.

"வா பாப்பா. உன் பட்டியலால உங்கண்ணன் முதலாளி ஆகப் போறான்" என்று எல்லாவற்றையும் சொன்னார். போனை நீட்டினார். "ரிட்டயர் ஆன கண்டக்டர் ஒருத்தர் ரெண்டு எஞ்சின் கேக்கிறார். என்ன எழுதியிருக்கார் பாரு, எனக்குப் பேரம் பேச வராது, பட்டியல்ல இருக்கிற ஒன்பதாயிரத்தையே தந்துடுறேன்னு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷன்."

பாப்பா அதைப் படித்தாள். திரும்ப மேலே தள்ளி இன்னொரு தடவை படித்தாள். டீயைப் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவுகிற சாக்கில் சமையலறைக்கு வந்தாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

"அண்ணி, அந்த முதல் எஞ்சின் என் பீரோவுல இருக்கு."

மெதுவான குரலில் எல்லாம் சொன்னாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான் அந்த வரியை அடிக்கலைன்னா அண்ணனுக்குக் கடை வந்துடும். கண்டக்டர் ரெண்டு வாங்குவார், அதைப் பாத்து இன்னொருத்தர் வாங்குவார். விட்டுடட்டுமா?"

விட்டுவிடு என்று சொல்ல என் நாக்கு துடித்தது. என் வீடு, என் அடுப்பு. ஆனால் பேரம் பேச வராத அந்த மனுஷர் கண்ணுக்குள் நின்றார்.

"ஆண்டவன் பாத்துக்கிட்டு இருக்காரு பாப்பா" என்றேன்.

"அவரு பாக்கிறாருங்கிறதுதானே அண்ணி பயமே" என்றாள்.

மறுநாள் அவள் அந்த வரியை அடித்தாள். அடித்த காரணத்தையும் எழுதி மேலாளரிடம் போய் நின்றாள். அவர் நல்ல மனுஷர்தான் போலிருக்கிறது.

"ஏம்மா, அண்ணனுக்குக் காசு தரணும்னா கையில குடுத்திருக்கலாமே?"

"கையில குடுத்தா வாங்க மாட்டார் சார்."

அன்றைக்கே வேலை போயிற்று. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதற்குள் கண்டக்டர், பட்டியலில் அந்த விலையைக் காணோம், மன்னிக்கவும் என்று எழுதிவிட்டார். என் வீட்டுக்காரர் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றாள்.

"அதை வாங்கினது நான்தாண்ணா. அடிச்சதும் நான்தான்."

அவர் போனைக் கீழே வைத்தார்.

"நீ எழுதினதுன்னுதானே நம்பினேன்."

"தெரியும்ணா."

"ஒரு பத்து நாள் பொறுத்து அடிச்சிருந்தா என்ன?"

"அந்தக் கண்டக்டரும் உங்களை மாதிரிதாண்ணா நம்பியிருந்தார்."

அவர் எழுந்தார். நாலு எஞ்சின்களையும் பெட்டியில் வைத்து மூடினார். இடது கையால் ஒவ்வொன்றாக அலமாரியில் ஏற்றினார். பாப்பா உதவிக்கு ஓரடி எடுத்து வைத்தாள். "வேணாம்" என்றார். அவளிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

கடை செல்போன் ரிப்பேர்க்காரருக்குப் போய்விட்டது. நாலு எஞ்சின் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்ததால் விலை இன்னும் விழுந்து, ஒன்று இரண்டாயிரம்கூடப் போகவில்லை. அந்தப் பணம் வீட்டு வாடகைப் பாக்கிக்குச் சரியாகப் போயிற்று. இப்போது என் வீட்டுக்காரர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாள். அங்கே லிஃப்ட் பழுதானால் அவருடைய பழைய கம்பெனியிலிருந்துதான் ஆள் வருவான். இவர் கேட்டைத் திறந்துவிடுவார்.

பாப்பா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் போர்வை மடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வராமல் இருப்பதில்லை. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை டூட்டியைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். நான் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் யாருக்காக முதலில் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பேர் முகமும் மாறி மாறி வருகிறது.

போன வாரம் பாப்பா தோள் வலிக்குத் தடவுகிற ஒரு தைலம் வாங்கி வந்தாள். "நீங்க வாங்கினதாச் சொல்லுங்க அண்ணி" என்றாள். வேலை முடிந்து வந்தவரிடம் கொடுத்தேன். சட்டையைக் கழற்றி, மூடியைத் திறந்து, விரலில் கொஞ்சம் எடுத்துவிட்டார்.

"என்ன விலை இது?"

எனக்குத் தெரியவில்லை. ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

என்னையே பார்த்தார். விரலைத் துண்டில் துடைத்தார். மூடியை இறுக்கித் திருகி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, சாப்பாடு போடச் சொன்னார்.