ஆண்டவர் எடுத்துக்கொண்ட என் பூட்ஸ்

கர்த்தருக்குள் அன்பான ஆம்பூர் சபையாரே, என் வாய் அடைத்துப்போன நாட்களைப் பற்றிச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன். ஞானம்மாளுக்கா வாய் அடைத்தது என்று பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அக்கா சலோமி தலைப்பிரசவத்தில் போனது உங்களில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரயிலுக்குக் காத்திருக்க நேரமில்லாமல் மாட்டுவண்டியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிகொண்டா தாண்டும்போதே தாயும் பிள்ளையும் அடங்கிவிட்டார்கள். அதே ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அக்காவை வண்டியிலிருந்து இறக்கியவள் நான்தான். பிரசவம் பார்க்கப் படித்த பெண் ஒருத்தி ஆம்பூரிலேயே இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அந்த எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் மிஷனரியம்மாவிடம் போய் அழுதேன். அவர்கள் எழுதிக் கேட்டு, மருத்துவச்சி வேலை படிக்க என்னைச் சீமைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள்.

என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. ஷாப்பு முதலாளி சாயபு விஷயம் கேட்டதும், "இன்னா மேஸ்திரி, நம்ம பொண்ணு சீமைக்குப் போறா, வெறுங்காலோடவா அனுப்புவே? நல்ல தோலா பார்த்து எடுத்துக்கோ" என்றாராம். அப்பா தன் கையாலேயே பதம்போட்ட தோலை எடுத்து, எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தைக்கக் கொடுத்தார். மஞ்சள் நூல் தையல். தோலைப் பதம்போட்ட ஆவாரம்பட்டை வாசனை அதில் அப்படியே நின்றது.

ஸ்டேஷனில் அப்பா, "அழுதுனு இருக்காதம்மா. அங்க கேக்கறதுக்கு ஆள் இல்லன்னு நெனச்சிக்காத, கர்த்தர் இருக்காரு" என்றார். சொல்லிவிட்டு அவர்தான் அழுதார்.

செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஆலை ஊரில் போய் இறங்கினேன். வானமும் சாம்பல், சுவரும் சாம்பல். சாப்பாட்டுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு. மிளகாய் என்று ஒன்றை ஆண்டவர் படைத்திருப்பது அந்த ஊருக்கு இன்னும் தெரியாது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பேச்சுதான் என்னைக் கொன்றது.

அது ஏழைத் தாய்மாருக்கான பிரசவ ஆஸ்பத்திரி. முதல் நாள் ஒரு தாய் என்னிடம் ஏதோ கேட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷில் பதில் சொன்னேன். "இந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்று அவள் பக்கத்துக் கட்டிலைக் கேட்டாள். வார்டே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரித்தார்களா, எனக்குத் தெரியாது. அன்றோடு என் நாக்கு ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் முட்டும். தலையை ஆட்டியே நாட்களைத் தள்ளினேன். ஐயோ, நானா!

நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் கூப்பிட்டனுப்பினாள். "வாய் பேசாத நர்ஸை நம்பி எந்தத் தாய் பிள்ளை பெறுவாள்? அக்டோபர் கடைசிவரைக்கும் பார்ப்பேன். அதற்குள் நீ தாய்மாரோடு பேசவில்லை என்றால் ஊருக்குக் கப்பல் ஏறவேண்டியதுதான்" என்றாள்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பூட்ஸை மடியில் வைத்து மோந்துகொண்டே அழுதேன். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஆவாரம்பட்டை வாசனை ஒன்றுதான். "ஆண்டவரே, என் நாவைத் திறந்துவிடும். வெறுங்கையோடு ஆம்பூருக்குத் திரும்பி என் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்று கெஞ்சினேன்.

அடுத்த ஞாயிறு சபைக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். வாசல் நடையில் பூட்ஸ்களும் செருப்புகளும் குவிந்து கிடந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்வேன்! நம்மூர் மாதிரியே இவர்களும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள் என்று நினைத்தேன். என் பூட்ஸையும் அந்தக் குவியலோடு வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே போய்க் கடைசி பெஞ்சு மூலையில் முகத்தை மூடிக்கொண்டு ஜெபத்தில் உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்து வந்தால் குவியலும் இல்லை, என் பூட்ஸும் இல்லை. எல்லார் காலிலும் பூட்ஸ் இருக்கிறது, என் காலைத் தவிர! கோவிலைக் கூட்டிப் பெருக்கும் அம்மாள் ஓடிவந்து, "அடக் கண்ணே, அது ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்ததாச்சே! வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டதே!" என்று கையைப் பிசைந்தாள். தன் புருஷனுடைய பழைய பூட்ஸைக் கொடுத்தாள். அதில் ஒன்றிலேயே என் இரண்டு காலும் போகும். டொக்கு டொக்கென்று ஆஸ்பத்திரிவரை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

அன்று நான் செய்தது ஜெபம் அல்ல, சண்டை. "நாவைக் கேட்டேன், நீர் என் பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டீரே! என் அப்பா கொடுத்தது என்று உமக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். ஒரு காலையில் நெல்லி என்ற சின்னப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம். அவளுக்குத் தாயில்லை. பயத்தில் யாரையும் கிட்டே விடாமல் கத்தினாள். பெரிய நர்ஸுகள் பக்கத்து அறையில் வேறொரு சிக்கலான பிரசவத்தில் இருந்தார்கள். நான் கிட்டே போனேன். "நீ தொடாதே!" என்று அலறினாள். என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்தவள், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்.

என் பூட்ஸ். மஞ்சள் நூல் தையல்.

கையில் எடுத்து மோந்து பார்த்தேன். ஆவாரம்பட்டையேதான். "இது எங்கப்பா பதம்போட்ட தோலு!" என்று கத்திவிட்டேன். தமிழில்தான் கத்தினேன். நெல்லி அலறலைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அதையே இங்கிலீஷில் சொன்னேன். சபை வாசலில் கழற்றி வைத்த கதையையும் சொன்னேன்.

"சபையில் எனக்குத் தானமாகக் கொடுத்தார்களே, இதையா? இதையா தொலைத்தாய்?" என்று கேட்டாள். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேசிக்கொண்டே இரு, நிறுத்தாதே" என்றாள்.

நிறுத்தவேயில்லை. பாலாற்றைச் சொன்னேன், தோல் ஷாப்பைச் சொன்னேன், நம் சபை விட்டதும் செருப்பு மாறிப்போய் நடக்கிற சண்டையைச் சொன்னேன். அக்காவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நடுவே பெரிய நர்ஸ் ஒருத்தி வந்தாள். அவள் சொல்லச் சொல்லப் பிரசவத்தை என் கையாலேயே பார்த்தேன். மத்தியானம் ஆண்பிள்ளை பிறந்தது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். ஸ்தோத்திரம்!

மேட்ரன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். "கப்பல் வேண்டாம்" என்றாள். ஒரு வாரம் கழித்து, "அந்த இந்தியப் பெண்ணைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள்" என்று அவளே மற்ற நர்ஸுகளிடம் சொன்னாள்.

நெல்லி வீட்டுக்குப் போகும்போது பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தாள். "குளிர் வருகிறது, நீயே போட்டுக்கொள்" என்று சொல்லிவிட்டேன்.

படிப்பை முடித்து ஊர் வந்தேன். ஸ்டேஷனில் அப்பா முதலில் என் காலைத்தான் பார்த்தார்.

"இன்னாம்மா, பூட்ஸ் எங்க?"

"குடுத்துட்டேம்பா."

"யாருக்கு?"

"ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு. தலைப்பிரசவம். நல்லபடியா பெத்துனு வீட்டுக்கு நடந்து போனா."

அப்பா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். "சலோமி, சலோமி" என்று மட்டும் சொன்னார். அக்கா போனதிலிருந்து அவர் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று முதல் இந்த ஊரில் எந்தத் தாய் கூப்பிட்டாலும், எந்தத் தெரு என்று பார்க்காமல் போகிறேன். இது என் கெட்டிக்காரத்தனம் அல்ல, அவர் கிருபை.

சபையாரே, தெரியாத இடத்தில் வாயடைத்து நிற்கிறவர்கள் உங்களில் இருந்தால், அவரிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அவர் எதையாவது எடுத்துக்கொண்டால் பதறாதீர்கள். அது யார் காலுக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு வெளியே போகும்போது உங்கள் செருப்பைக் காணோம் என்றால், தயவுசெய்து என்னிடம் மட்டும் சண்டைக்கு வராதீர்கள். ஆமென்.