ஐந்து வருசத்தை நாலில் முடித்தவள்

2009ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் நிரோஜினிக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு நல்ல நித்திரை. அது மட்டும் கிடைக்கவே இல்லை.

டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். கழிவுநீரைச் சுத்தமாக்குகிற படிப்பு. மற்றப் பிள்ளைகள் மூன்று வருசம் இளநிலை, பிறகு இரண்டு வருசம் முதுநிலை என்று ஆற அமரப் படிப்பதை, இவள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நாலே வருசத்தில் முடிக்கும் விரைவுப் பிரிவில் படித்தாள். இளநிலை முடியுமுன்பே முதுநிலைப் பாடங்கள் தலையில் வந்து விழும். கோடை விடுமுறை பெயருக்குத்தான். ஒரு பரீட்சையைத் தவறவிட்டாலும் பழையபடி ஐந்து வருசப் பாதையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

கெட்டிக்காரிதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் இந்த ஓட்டம் கெட்டித்தனத்தால் வந்ததல்ல. ஒரு தொப்பியால் வந்தது.

டென்மார்க்கில் பள்ளிக்கூடம் முடிக்கிற பிள்ளைகள் சிவப்புப் பட்டி வைத்த வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, லொறியில் ஏறி ஊரெல்லாம் கத்தித் திரிவார்கள். நம்முடைய கணக்கில் அது பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணியதற்குச் சமம், அவ்வளவுதான். 2005இல் நிரோஜினியும் அப்படி ஏறிக் கத்தினாள். கிரின்ஸ்டெட் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அவளுடைய அம்மா ராசமலர், மகள் தொப்பியோடு நின்ற படத்தைக் கிளிநொச்சியில் இருந்த தன் அண்ணன் சிவானந்தனுக்கு அனுப்பிவைத்தார். சமாதான காலம் என்பதால் தபால் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அதுதான் வினையாகிப் போயிற்று.

சிவானந்தன் உழவு இயந்திரம் திருத்துகிறவர். தொப்பி போட்ட படம் என்றால் அவருக்குப் பட்டமளிப்புப் படம்தான். நம் ஆட்கள் எந்த வீட்டு முன்னறைக்குப் போனாலும் கறுப்புத் தொப்பியோடு ஒருவர் சுவரில் நிற்பாரே, அந்தப் படம். பனி விழும் நாட்டில் தொப்பி வெள்ளையாகத்தான் இருக்கும் என்று அவரே ஒரு விளக்கமும் கண்டுபிடித்துக்கொண்டார். பட்டறையில் படத்தை மாட்டி, கோயிலில் பொங்கி, தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்து முடித்த பிறகுதான் தொலைபேசியில் வந்தார்.

“மருமகள் பட்டம் எடுத்திட்டாள் என்ன, தங்கச்சி! இனி இஞ்சினியர் வேலைதானே?”

ராசமலர் மறுக்கத்தான் வாயைத் திறந்தார். அந்தப் பக்கம் அண்ணன் விம்முவது கேட்டது. “ஓம் அண்ணை” என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு விடமுடியுமா? பொய்க்குத் தீனி போட வேண்டியிருந்தது. நிரோஜினிக்கு வேலை கிடைத்தது. தனி அறை கிடைத்தது. ஒருமுறை பதவி உயர்வுகூடக் கிடைத்தது. இதெல்லாம் நிரோஜினிக்குத் தெரியவந்தது இரண்டாம் வருசப் படிப்பின்போது, தற்செயலாக அவளே தொலைபேசியை எடுத்து, “இஞ்சினியர் பிள்ளையோ கதைக்கிறது?” என்று மாமா கேட்ட நாளில்தான்.

அம்மாவோடு டேனிஷில் சண்டை பிடித்தாள். அவளுக்கு வீட்டில் சண்டைக்கும் பதிலுக்கும் டேனிஷ்தான். ராசமலர் தமிழில் அழுதார்.

“அவர் சந்தோசமா இருக்கிறார், அதை ஏன் பிள்ளை குழப்புவான்? நீ எப்பிடியும் பட்டம் எடுக்கத்தானே போறாய். கெதியா எடுத்தாய் எண்டால் நான் சொன்னது பொய்யாப் போகாது.”

கோபம் ஆற நாலைந்து நாள் எடுத்தது. ஆறியபோது நிரோஜினி விரைவுப் பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தாள். மாமாவுக்கு உண்மை தெரியவருவதற்குள் அதை உண்மையாக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது. அந்த வயதில் அது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

கடைசி வருசத்தில்தான் தெரிந்தது. ஆய்வறிக்கையை வைகாசி முடிவில் கொடுக்க வேண்டும், ஆனியில் வாய்மொழிப் பரீட்சை. அங்கே ஊரில் மறுபடி மூண்ட போர் துரத்த, மாமாவும் மாமியும் கிளிநொச்சியை விட்டு விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று கடற்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மாசிக்குப் பிறகு அவர்களுடைய குரலே இல்லை. அப்பா இரத்தினசிங்கம் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு, போரை நிறுத்தச் சொல்லும் ஊர்வலத்துக்கென்று கோப்பன்ஹேகனுக்குப் பஸ் ஏறிவிடுவார். ராசமலர் வேலையில் கிழவர்களைக் குளிப்பாட்டும்போதும் மேலங்கிப் பைக்குள் தொலைபேசியை வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் நிரோஜினி ரயிலில் வைலே வரைக்கும் வருவாள். அங்கிருந்து கிரின்ஸ்டெட்டுக்கு பஸ்ஸை நம்ப முடியாது, அம்மா காரோடு வந்து நிற்பார். இருவருக்கும் கதைக்கத் தெம்பிருக்காது. ஒருநாள் பாதி வழியில் ராசமலர், தெருவைப் பார்த்தபடியே கேட்டார்.

“முடிச்சிடுவாய் தானே பிள்ளை?”

“ஜா,” என்று டேனிஷில் ஆமாம் போட்டாள் நிரோஜினி. அம்மாவை அப்படியே காரோடு விட்டுவிட்டு இறங்கி நடக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. அடுத்த நிமிடமே அம்மாவின் வெடித்த கைகளைப் பார்த்தாள், ஆத்திரமும் போய்விட்டது. ஆத்திரப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

வைகாசி நடுப்பகுதியில் போர் முடிந்துவிட்டதென்று செய்தி வந்தது. அன்றைக்கு ஆய்வுகூடத்தில் யாருக்கோ பிறந்தநாள். கேக் வெட்டிக் கொடுத்தார்கள், நிரோஜினியும் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு நின்றாள். சாப்பிடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. கண்ணீர் வரும் என்று காத்திருந்தாள், அதுவும் வரவில்லை. மாணவர் ஆலோசகர் கத்தரீனா அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“ஆறு மாதம் விடுப்பு எடுத்துக்கொள். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சாதாரணப் பிரிவில் அடுத்த வருசம் முடிக்கலாம்.”

“முடியாது,” என்றாள் நிரோஜினி.

“ஏன் இந்த அவசரம்?”

தொப்பிக் கதையை டேனிஷ்காரருக்கு எங்கிருந்து தொடங்குவது? “வீட்டில் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம்,” என்று மட்டும் சொன்னாள். அந்த ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று கத்தரீனா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே உடைந்து போயிருப்பாள்.

அறிக்கையைக் கொடுத்தாள். ஆனியில் பரீட்சகர்களுக்கு முன்னால் நின்று, பாதி நித்திரையில் சேற்று நீரைப் பற்றிப் பேசினாள். பாஸ் என்று சொல்லக்கூடிய ஆகக் குறைந்த புள்ளி கிடைத்தது. முதல் மூன்று வருசமும் வகுப்பில் முன்னுக்கு நின்றவள், அதற்காக வெட்கப்படக்கூட இல்லை. ராசமலர் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினார். யாருக்கு இதைச் சொல்ல வேண்டுமோ அவரிடமிருந்து மட்டும் செய்தி வரவில்லை.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது வந்தது. போரில் தப்பியவர்களை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இருந்து, யாரோ ஒருவருடைய தொலைபேசியில்.

ராசமலர் “அண்ணை! அண்ணை!” என்று அலறியதைத் தவிர வேறெதுவும் கதைக்கவில்லை. மாமி போய்விட்டார் என்று கேட்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நிரோஜினி தொலைபேசியை வாங்கி, அம்மாவுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள். இரண்டு மூன்று வருசமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம் நுனிநாக்கில் நின்றது.

“மாமா, நான்—”

“பொறு பிள்ளை, போனைத் திருப்பிக் கேட்கப் போறாங்கள்,” என்றார் சிவானந்தன். குரல் காய்ந்திருந்தது. “உன்ர அம்மா சொன்ன பொய் எனக்கு அப்பவே தெரியும். உங்கட டென்மார்க்கில, எஸ்பியர்க்கில இருக்கிற பாலேந்திரா லீவில இஞ்ச வந்தவன். படத்தைப் பாத்திட்டு, இது பள்ளிக்கூடத் தொப்பி அண்ணை, பிள்ளை இனித்தான் ஐஞ்சு வருசம் படிக்கோணும் எண்டவன்.”

“பிறகு ஏன் மாமா ஒண்டும் சொல்லேல்லை?”

“கற்கண்டு குடுத்திட்டன். என்னெண்டு திருப்பி வாங்கிறது?” சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. “தங்கச்சியும் எனக்காகத்தானே சொன்னவள். நான் கணக்குப் போட்டு வைச்சிருந்தனான். ஐஞ்சு வருசம் எண்டால் வாற வருசம் ஆனி. பங்கருக்குள்ள மாமி போன பிறகு, எழும்பி நடக்க மனமில்லாமல் கிடந்தன். பிள்ளை உண்மையாவே முடிச்சிட்டன் எண்டு சொல்லுறதைக் கேட்டிட்டுத்தான் சாகிறதெண்டு நினைச்சு நினைச்சு நடந்தனான். இன்னும் ஒரு வருசம் கிடக்கெல்லே?”

நிரோஜினி சுவரைப் பார்த்தாள். சான்றிதழில் அவளுடைய பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா நிலத்தில் இருந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் மாமா,” என்றாள். “இன்னும் ஒரு வருசம் கிடக்கு.”

“ஆறுதலாப் படி. அவசரப்படாதை. நான் இருப்பன்.”

தொடர்பு அறுந்தது. ராசமலர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“வாற வருசம் அவர் கேட்டால் என்ன பிள்ளை சொல்லுறது?”

நிரோஜினி வெகுகாலத்துக்குப் பிறகு அம்மாவுக்குத் தமிழில் பதில் சொன்னாள்.

“ஒரு பரீட்சை பெயிலாப் போச்செண்டு சொல்லுவம் அம்மா.”

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்ச் சோபாவில் சரிந்தாள். ராசமலர் போர்வையோடு வந்தபோது அவள் நித்திரையாகியிருந்தாள்.