ஒரு முனகலுக்காக ஜார்ஜ்டவுன் வரை

போன சனிக்கிழமை நான் பினாங்கு ஜார்ஜ்டவுன் போனது சாப்பிடவும் இல்லை, சுவரோவியம் பார்க்கவும் இல்லை. முனகப் போனேன். சிரிக்காதீர்கள், விஷயம் அதுதான்.

சுங்கை பாக்காப் தோட்டங்களை விட்டுப் பிரிந்து போனவர்களுக்காக ஒரு சின்ன இணையதளம் நடத்துகிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, துக்கச் செய்தி, இவ்வளவுதான். போன வருடம் யாரோ கொடுத்த புகாரை நம்பி, முகவரி பதிவு செய்து தரும் நிறுவனத்தார் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தளத்தின் முகவரியை நான்கு நாள் முடக்கினார்கள். புகார் பொய் என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் தோட்டத்தில் எங்கள் பழைய லயத்து வரிசை வீட்டில் இருந்த முனியம்மா இறந்து, ஜொகூரில் இருக்கும் அவர் தங்கைக்குச் செய்தி எட்டும் முன்பே அடக்கமும் முடிந்துவிட்டது.

முடக்குவதற்கு முன் உரிமையாளரைக் கேட்க வேண்டும் என்று ஒரு விதி வேண்டும். அதற்காகத்தான் இணைய முகவரி விதிகளைப் பரிந்துரைக்கும் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே கை தூக்கி எண்ணும் பழக்கம் இல்லை. ஆதரிப்பவர்கள் 'ம்ம்ம்' என்று முனக வேண்டும், பிறகு எதிர்ப்பவர்கள். எது பலமாகக் கேட்டது என்பதைத் தலைவர் சொல்வார். போன மாதம் வீட்டிலிருந்தே இணையம் வழியாகக் கலந்துகொண்டேன். எங்கள் மைக்கை எல்லாம் அவர்களே அடைத்து வைத்திருந்தார்கள். மூச்சு முட்ட நான் முனகியதைக் கேட்டவர் என் கணவர் மட்டும்தான். வயிற்று வலியா என்றார். என் விதி பற்றிய இறுதி முடிவு சனிக்கிழமைக் கூட்டத்தில் என்றதால் நேரிலேயே கிளம்பினேன்.

காலை 7.45க்கு மோட்டார் சைக்கிள். பட்டர்வொர்த் சுமார் முப்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு ஃபெர்ரி, இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். அக்கரையில் வாடகைக் கார், ஒன்பது வெள்ளி. ஓட்டியவர் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருக்கும் காசிம் அண்ணன். எதற்குப் போகிறேன் என்று சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"முனகி ஓட்டா? எங்க ஃப்ளாட்ல லிஃப்ட் ரிப்பேருக்கே ஏழு நாள் முன்னுக்கு நோட்டீஸ் ஒட்டணும்லா. கை தூக்கணும், எண்ணணும், எழுதணும். இல்லன்னா மூணாவது மாடி அக்காங்க செயலாளர உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க."

மண்டபத்துக்குள் நுழைந்தபோது 9.40. என் விதி நிகழ்ச்சி நிரலில் பதினோரு மணிக்கு இருந்தது. ஒன்பது மணிக்கே எடுத்து, முனகி, தள்ளுபடியும் செய்துவிட்டார்கள்.

"இதுல பேச வந்த ஸ்பீக்கருக்கு ஃபிளைட் இருந்துச்சுமா, அதான் முன்னுக்கே எடுத்துட்டோம்" என்றார் தலைவர்.

"நேரம் மாத்துனத யாருக்காச்சும் சொன்னீங்களா சார்?"

"நாம எல்லாரும் வாலண்டியர்தானே. ஃப்ரெண்ட்ஸுக்குள்ள ரூல்ஸ் எதுக்குலா?"

"சரி, யார்கிட்ட அப்பீல் பண்றது?"

"என்கிட்டதான்."

நண்பர்களாம். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விதி தேவையில்லைதான். ஃபெர்ரி பிடித்து வருகிறவளுக்கும், மைக் அடைக்கப்பட்டவனுக்கும் அது இல்லாமல் வேறு என்ன இருக்கிறது?

திரும்பும்போது காசிம் அண்ணனையே அழைத்தேன். ஜெலுத்தோங்குக்கு விடச் சொல்லி, பன்னிரண்டு வெள்ளி கொடுத்து, அங்கே முடிவு எழுதி ஒட்டியிருந்த லிஃப்ட் நோட்டீஸைப் படம் எடுத்துக்கொண்டேன். தேதி, நேரம், வந்தவர்கள், வேண்டும் என்றவர்கள், வேண்டாம் என்றவர்கள், ஆட்சேபம் எழுதிக் கொடுக்க ஏழு நாள். பினாங்கில் பார்க்க வேண்டிய இடம் எது என்று கேட்டால் இனி இதைத்தான் சொல்வேன்.

இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு: முதல் நாளே போய்த் தங்குங்கள். நிகழ்ச்சி நிரலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். நேரம் மாற்றினால் எழுத்தில் கேளுங்கள். ஆட்சேபத்தை வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

திங்கட்கிழமை கூட்டக் குறிப்பு வந்தது. 'தள்ளுபடிக்கு எதிர்ப்பு: இல்லை.' பதிலாக லிஃப்ட் நோட்டீஸ் படத்தை அனுப்பினேன். தலைவர் ஒரு கட்டைவிரல் இமோஜி போட்டார்.

நேற்று தளத்தில் ஒரு துக்கச் செய்தி ஏற்றினேன். பிறகு டைரியை எடுத்து, ஜொகூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் சொந்தங்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் போட்டுச் சொன்னேன். நான் நடத்தும் தளத்தை நானே நம்பவில்லை.