கக்கூஸுக்குப் பயந்து குடிக்காத தண்ணீர்

மண்ணூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் எட்டு அறை, இரண்டு கக்கூஸ். நினைத்தால் இன்றைக்கும் குமட்டும். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இன்னொன்றில் தாழ்ப்பாள் உண்டு, ஆனால் மூலையில் எவனோ துப்பித் துப்பிப் பாக்கு எச்சில் படைபடையாகக் காய்ந்திருக்கும். மக்கின் உள்பக்கம் விரல் பட்டால் வழவழ. சுவரில் யாருடைய தலைமுடியோ சுருண்டு ஒட்டியிருக்கும். ஓட்டையிலிருந்து கரப்பான் மீசை மட்டும் வெளியே ஆடும்.

கல்யாணமான புதிதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு எப்படியோ போய் வந்தேன். வயிற்றில் உண்டான பிறகு முடியவில்லை. கதவைத் தொடும் முன்பே எல்லா நாற்றமும் தனித்தனியாக வந்து முகத்தில் அடிக்கும். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடி வருவேன். ஒயர் கட்டுகிற கம்பெனி வேலையை நாலாம் மாதமே விட்டிருந்ததால், நாள் முழுக்க இதே யோசனை. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அந்த ஈரத்திலிருந்து கிருமி ஏறிப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. தண்ணீர் குடித்தால்தானே அங்கே போகணும்?

ஒரு பாட்டில் தண்ணீரை இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டேன். கக்கூஸுக்குக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவேன்.

பக்கத்து அறையில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கம்பெனி வேலைக்கு வந்தவள்.

"யக்கா, உதடெல்லாம் வெடிச்சிக் கெடக்கு. தண்ணி குடிக்க மாட்டியளோ?"

"குடிச்சா அங்க போவணுமே."

"எங்க ஊர்ல தண்ணி இல்லாம குடிக்க மாட்டோம். கக்கூஸுக்குப் பயந்து குடிக்காத ஆள இங்கதான் பாக்கேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். குடிக்கவில்லை.

ஆறாம் மாதம் ஒரு காலை, இடுப்புக்கு மேலே முதுகில் குத்தி எடுத்தது. குளிர் தூக்கிப் போட்டது. சிறுநீர் கழுநீர் மாதிரிக் கலங்கி, மீன் கழுவிய தண்ணீர் போல வீசியது. சீ என்று முகத்தைத் திருப்பினேன். யார்மேல் பழி போட? என் நாற்றம்தான். அதைவிட, விடிந்ததிலிருந்து பிள்ளை அசையவே இல்லை.

வீட்டுக்காரர் ஷிப்டிலிருந்து ஓடி வந்து என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நர்ஸம்மா கொடுத்த சின்ன டப்பாவில் பத்துச் சொட்டுகூடத் தேறவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, தண்ணியே குடிக்கறதில்லியா?"

காரணத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"கிருமி கக்கூஸுலேர்ந்து ஏறி வர்ல. உன் உடம்புலயே கீறதுதான். புள்ள பாதி உன்னுது, பாதி உங்க வூட்டுக்காரருது. உடம்புக்கு அது வேத்தாளு. வேத்தாள வெளிய தள்ளாம வெச்சிக்கணும்னு, கிருமிய அடிக்க உள்ள இருக்கிற காவல் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வேல செய்யுது. மொத்தமா தூங்கிடல, மொற மாறிக்கீது. கர்ப்பப்பை வேற குழாய அமுக்கி மூத்திரம் தேங்குது. நீ அடக்கினு வேற இருந்தா, கிருமிக்கு விருந்துதான்."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியிலிருந்த அசிங்கத்துக்கு ஒதுங்கி ஒதுங்கி, உள்ளேயே ஒரு சாக்கடையைக் கட்டி வைத்திருந்தேன். அதுக்குப் பக்கத்தில் என் பிள்ளை படுத்திருந்தது. 

வயிற்றில் ஒரு கருவியை வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைத் தேடினார்கள். இரைச்சல், இரைச்சல். பிறகு தடதடவென்று ஓடியது சத்தம். "கேட்டுக்கோ" என்றார் நர்ஸம்மா. மூன்று நாள் படுக்க வைத்து ஊசி போட்டார்கள்.

வீடு திரும்பியதும் எனக்கென்று புது மக்கு ஒன்று வாங்கிவரச் சொன்னேன். பக்கத்து அறைப் பெண்ணும் நானும் கக்கூஸை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். மறுநாளே மூலையில் புது எச்சில். அருவருப்பு போகவில்லை, கடைசி வரைக்கும் போகவில்லை. ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடிப்பேன். புடவைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போவேன். சில நாள் அங்கேயே வாந்தி எடுப்பேன். வெளியே வந்து வாயைக் கொப்பளித்துவிட்டு, சொம்பை மறுபடி நிரப்புவேன்.