இரத்தம் வரட்டும் என்று ஜெபித்தேன்

சபையாரே, இதைப் பெண்கள் கூட்டத்தில் மட்டும் சொல்லச் சொன்னார்கள். ஆண்களும் இருக்கட்டும், கேட்கட்டும்.

ஜப்பான்காரன் ஆட்சியில் நாங்கள் மலாயாவில், லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு மாதவிலக்கு நின்று ஐந்து மாதம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். கால் வீங்கியது, தலை சுற்றியது, முடி கொத்தாகக் கொட்டியது. அதெல்லாம் போகட்டும். வயிறும் உப்பியது. அதுதான் வினையாகப் போனது.

துணிப் பஞ்சம். லயத்து வரிசை வீடுகளில் பெண்களிடம் விலக்குக்கு ஆளுக்கு இரண்டு கிழிசல்தான் இருக்கும். எல்லாம் ஒரே கொடியில் காயும். என்னுடையது காயவில்லை என்று கண்டுபிடித்தவர் எங்களோடு இருந்த என் நாத்தனார், விதவை எஸ்தர்.

“என் தம்பி சயாம்ல கிடந்து சாவுறான். நீ இங்க வயித்த ரொப்பிக்கிட்டு நிக்கிறியா?”

“சத்தியமா இல்ல அண்ணி.”

நம்பவில்லை. ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் சொல்லி, வீட்டை விட்டு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். போக எனக்கு இடமில்லை. செத்துவிடலாமா என்றும் நினைத்தேன். அந்த வாரம் முழுக்கக் கிழங்குக் காட்டில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒரே ஜெபம்: ஆண்டவரே, எனக்கு இரத்தம் வரட்டும்.

சனிக்கிழமை வரை ஒன்றும் வரவில்லை. அன்று நாத்தனார் என்னை மாட்டிவிடவென்றே பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து மலாய்க்கார மருத்துவச்சியைக் கூட்டிவந்தார். அந்தம்மா வயிற்றை அமுக்கினார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், கணுக்காலில் விரலை அழுத்தினார். விழுந்த குழி எழும்பவில்லை.

“தடா, இல்லவே இல்ல! பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உடம்புல ரத்தம் இருந்தாத்தானே வெளிய வரும்? எங்க கம்பத்துலயும் பாதிப் பொம்பளைங்க இப்படித்தான். தவிடு கொடு, முட்டை கொடு” என்று மலாயில் சொன்னார்.

நாத்தனார் உடனே எழுந்து போனார். தன் கல்யாணச் சேலையைக் கம்பத்தில் கொடுத்துவிட்டு, தவிடும் பாசிப்பயறும் நான்கு முட்டையும் வாங்கிவந்தார். கஞ்சி காய்ச்சி என் முன்னால் வைத்தார்.

“தின்னு. உன்னக் கும்பிட்டுக் கேக்குறேன், தின்னு” என்று அழுதார். எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் தின்றேன்.

மெல்ல வீக்கம் வடிந்தது. மூன்றாம் மாதம் கிழங்குக் காட்டிலேயே விலக்கானேன். “ஸ்தோத்திரம்!” என்று நான் போட்ட சத்தத்தில், ஜப்பான்காரன் ஓடிவிட்டான் என்று நினைத்து எல்லாரும் கூடிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. அவர் வரவேண்டும் என்றும் ஜெபித்தேன்; அது கிடைக்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன். நாத்தனாரும் நானும் இன்றுவரை ஒரே வீட்டில் இருக்கிறோம். எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளினாலும் நாங்கள் முதலில் கேட்பது, சாப்பிட்டாயா என்றுதான்.

சகோதரிகளே, இதையெல்லாம் கர்த்தரிடம் எப்படிச் சொல்வது என்று கூசாதீர்கள். ஊர் அசிங்கம் என்று சொன்னதைத்தான் நான் மண் கையோடு நின்று கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை.